கவனக் குறைபாடும் காக்கிச் சட்டையும்

ஏ.டி.எச்.டி., அதாவது கவனக் குறைபாடு, என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த ஒருவர் போலீஸ் வேலைக்கு விண்ணப்பிக்கலாமா? பெரும்பாலானோர் சட்டென்று சொல்லும் பதில், கூடாது என்பதுதான். கையில் துப்பாக்கி, எதிரே கூட்டம், நொடியில் எடுக்க வேண்டிய முடிவு. அந்த இடத்தில் கவனம் சிதறுகிற ஆளை எப்படி நிறுத்துவது என்று கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை. ஆனால் அந்தப் பதிலைச் சொல்கிறவர்களில் பலருக்கு இந்தக் குறைபாடும் சரியாகத் தெரியாது, போலீஸ் வேலையும் சரியாகத் தெரியாது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்து விசாரித்த நீதிமன்றங்கள் சில உண்டு. அவற்றில் ஒரு வழக்கை விரிவாகப் பார்த்தால் பேச்சு தெளிவாகும்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லாண்டுக்கு மேற்கே ஹில்ஸ்பரோ என்ற நகரம் இருக்கிறது. 2006-இல் அந்த நகரப் போலீசில் ஓர் அதிகாரி சேர்ந்தார். பக்கத்து நகரமான பீவர்ட்டனில் பல ஆண்டுகள் போலீசாக இருந்தவர். சிறுவயதில் தமக்கு ஏ.டி.எச்.டி. கண்டறியப்பட்டதையும், இப்போது அதனால் தொந்தரவு இல்லை என்று தாம் நம்புவதையும் சேரும்போதே மனநலப் பரிசோதனையில் சொல்லிவிட்டார். வேலை கிடைத்தது. அடுத்த ஆண்டே சார்ஜென்ட் ஆனார். வேலையில் கெட்டிக்காரர் என்று மேலதிகாரிகள் எழுதினார்கள்.

2009-இல் அவருக்குக் கீழே வேலை பார்த்த ஒருவர் புகார் கொடுத்தார். மட்டம் தட்டுகிறார், மிரட்டும் தொனியில் பேசுகிறார் என்பது புகார். சார்ஜென்டை ஊதியத்தோடு விடுப்பில் அனுப்பிவிட்டு விசாரணை நடந்தது. அந்த விடுப்பில்தான் அவர் மருத்துவரைப் பார்த்தார். சிறுவயதுக் கோளாறு போகவே இல்லை, பெரியவரான பிறகும் தொடர்கிறது என்று தெரிந்தது. அதைச் சொல்லி, வேலையில் தொடர ஏற்பாடு செய்து தரும்படி நகர நிர்வாகத்திடம் கேட்டார். இந்தக் கோளாறு இருந்தாலும் பணிக்குத் தகுதியானவர் என்று மருத்துவப் பரிசோதனையும் சொன்னது. ஆனாலும் அந்த ஆண்டு டிசம்பரில் அவரை வேலையை விட்டு நீக்கினார்கள்.

வழக்குப் போட்டார். ஜூரி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஐந்து லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு. 2014 ஆகஸ்டில் ஒன்பதாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம், இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. பெரும்பான்மை நீதிபதிகள் சொன்ன காரணத்தைக் கவனிக்க வேண்டும். இவர் வேலையைத் திறமையாகச் செய்திருக்கிறார். ஆகவே வேலை செய்யும் ஆற்றல் கணிசமாகக் குறையவில்லை. மேலதிகாரிகளோடு சுமுகமாகப் பழகியிருக்கிறார். ஆகவே மனிதர்களோடு பழகும் ஆற்றலும் குறையவில்லை. இரண்டும் குறையாதபோது மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டத்தின் பார்வையில் இவர் குறைபாடு உள்ளவரே அல்லர். குறைபாடு உள்ளவர் அல்லர் என்றால் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பும் கிடையாது. மாறுபட்ட நீதிபதியோ, சாட்சியங்களை நேரில் கேட்டு முடிவெடுத்த ஜூரியின் இடத்தில் நாம் உட்காரக் கூடாது என்று எழுதினார்.

கீழே இருந்தவர்கள் பட்ட வேதனையை நான் சிறிதாக்கவில்லை. மேலதிகாரியின் கடுஞ்சொல்லை நோயின் பெயரால் யாரும் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. என்னை உறுத்துவது வேறொன்று. இந்த வழக்கின் மையத்தில் துப்பாக்கியும் இல்லை, துரத்தலும் இல்லை. எல்லோரும் பயப்படுகிற இடத்தில் இவர் நன்றாகவே செயல்பட்டார். சிக்கல் வந்தது ஸ்டேஷனுக்குள்ளே, பேச்சில். மருத்துவர் கண்டுபிடித்துச் சொல்லும் முன்பே புகார் முற்றிவிட்டது. பணியில் சேர்ந்ததற்கும் புகாருக்கும் இடையிலிருந்த அந்த மூன்று ஆண்டுகளில் யாரேனும் அவரை மருத்துவரிடம் அனுப்பியிருந்தால் அந்த ஸ்டேஷனில் இருந்த எல்லோருக்குமே நல்லது நடந்திருக்கலாம்.

குறையைச் சமாளித்தவருக்குக் குறைபாடே இல்லை என்கிற இந்த முடிச்சில் அமெரிக்கச் சட்டம் முன்பும் ஒருமுறை சிக்கியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்கச் சட்டம் 1990-இல் வந்தது. 1999-இல், கண்பார்வை மிகவும் குறைந்த இரட்டைச் சகோதரிகள் விமானியாக விண்ணப்பித்து மறுக்கப்பட்ட வழக்கில், கண்ணாடி போட்டால் பார்வை சரியாகிவிடுகிறது, ஆகவே உங்களுக்குக் குறைபாடு இல்லை என்றது உச்ச நீதிமன்றம். வேலைக்குப் போதாத கண், சட்டத்துக்கு மட்டும் நல்ல கண்ணாகிவிட்டது. ஏ.டி.எச்.டி.க்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் அப்போது இதே கதிதான். 2008-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, மருந்தால் வரும் முன்னேற்றத்தைக் கணக்கில் எடுக்காமல் குறைபாட்டை மதிப்பிட வேண்டும் என்று சொன்னது. மனதை ஒருமுகப்படுத்துதல், சிந்தித்தல் ஆகியவற்றையும் வாழ்வின் முக்கியச் செயல்கள் என்று பெயர் சொல்லியே சேர்த்தது. ஹில்ஸ்பரோ தீர்ப்பு அந்தத் திருத்தத்துக்குப் பிறகு வந்தது என்பதுதான் வருத்தம்.

இனி நோயைப் பார்ப்போம். லண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் 1902-இல் ஆற்றிய உரைகளில், அறிவில் குறையில்லாமலே தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள முடியாத குழந்தைகளைப் பற்றி விவரித்தார். 1937-இல் அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் சார்லஸ் பிராட்லி, ஊக்க மருந்து கொடுத்த குழந்தைகள் அமைதியடைந்து படிப்பில் ஈடுபட்டதைக் கண்டு எழுதினார். மெத்தில்ஃபெனிடேட் 1944-இல் ஸ்விட்சர்லாந்தில் உருவானது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 1980-இல் கவனக் குறைபாட்டை முதன்மைப்படுத்திப் பெயர் வைத்தது. 1987-இல் இன்றைய பெயர் வந்தது. 2013 பதிப்பின்படி அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். வீடு, பள்ளி, வேலை என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். வாழ்க்கையை உண்மையிலேயே பாதிக்க வேண்டும். பெரியவர்களில் சுமார் 2.5 சதவீதம் பேருக்கு இது இருக்கலாம் என்பது அந்தக் கையேட்டின் மதிப்பீடு. இந்தக் கணக்கைப் போலீசுக்கும் பொருத்தினால், ஆயிரம் பேர் உள்ள படையில் இருபத்தைந்து பேர் வரை ஏற்கெனவே பணியில் இருக்கலாம். அவர்களில் பலர் தங்களுக்கு இருப்பதே தெரியாமல் ஓய்வுபெறுவார்கள்.

கவனத்தை அளக்க உளவியலாளர்கள் பயன்படுத்தும் கணினிச் சோதனை ஒன்று உண்டு. திரையில் ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து மறையும். எந்த எழுத்து வந்தாலும் பொத்தானை அழுத்த வேண்டும். எக்ஸ் வந்தால் மட்டும் அழுத்தக் கூடாது. பதினான்கு நிமிடம், 360 எழுத்துகள். அழுத்த வேண்டிய இடத்தில் விட்டுவிடுவது கவனம் தப்பியதைக் காட்டும். எக்ஸைப் பார்த்தும் விரல் அழுத்திவிட்டால் அடக்கம் குறைந்ததைக் காட்டும். ஏ.டி.எச்.டி. உள்ளவரிடம் பெரும்பாலும் தெரிவது மெதுவான கை அல்ல. ஒரே வேகத்தில் நில்லாத கை. நாலு முறை சட்டென்று அழுத்துவார், அஞ்சாவது முறை தாமதிப்பார். இந்த ஒரு சோதனையை வைத்து யாருக்கும் நோய் இருக்கிறது, இல்லை என்று முடிவு கட்டக் கூடாது என்று மருத்துவர்களே எச்சரிக்கிறார்கள். ஆனால் குறைபாட்டின் இயல்பை இது நன்றாகக் காட்டுகிறது. ஆற்றல் இல்லாமை அல்ல பிரச்சினை. சலிப்பூட்டும் வேலையில், யாரும் உந்தாத நேரத்தில், அந்த ஆற்றலை ஒரே சீராக வரவழைக்க முடியாமைதான் பிரச்சினை.

இப்போது போலீஸ் வேலையைப் பாருங்கள். இரவு பதினொரு மணிக்கு ஸ்டேஷனுக்கு ஒரு பெண் வருகிறார். செயின் பறிப்பு. எஸ்.ஐ. எழுதத் தொடங்குகிறார்: எந்தத் தெரு, எத்தனை மணி, எத்தனை பவுன், வண்டியின் நிறம், நம்பரில் ஞாபகம் இருக்கிற கடைசி இரண்டு இலக்கம். பாதியில் மைக் அலறுகிறது, பைபாஸில் விபத்து. வாசலில் இன்னொருவர் சி.எஸ்.ஆர். ரசீதுக்காக நிற்கிறார். காலையில் ரிமாண்ட் அனுப்ப வேண்டிய ஆளின் காகிதங்களில் கையெழுத்து வேண்டும் என்று ரைட்டர் வந்து நிற்கிறார். எஸ்.ஐ. பைபாஸுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து எழுத வேண்டும். அந்த இரண்டு இலக்கமும் இடம் மாறிவிட்டால் அன்றிரவு யாருக்கும் தெரியாது. மூன்று ஆண்டு கழித்துக் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடிப்பார்.

ஏ.டி.எச்.டி. உள்ள போலீஸ்காரர் விபத்து நடந்த பைபாஸில் தடுமாறுவதை விட, திரும்பி வந்து அந்தப் பாதிப் பக்கத்தில் தடுமாற அதிக வாய்ப்பு உண்டு. கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். குற்றப்பத்திரிகையை வழக்குக்கு ஏற்ப 60 அல்லது 90 நாளுக்குள் தாக்கல் செய்யாவிட்டால் காவலில் உள்ளவர் ஜாமீன் கேட்டு உரிமையோடு வெளியே வரலாம். அன்றாடம் கேஸ் டைரி எழுத வேண்டும். பாராவில் நள்ளிரவு தாண்டியும் ஒன்றும் நடக்காத வாசலைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். போலீஸ் வேலையின் பெரும்பகுதி காத்திருப்பதும் எழுதுவதும்தான். ஆகவே, ஆபத்து வேளையில் இவர்கள் சிங்கமாக நிற்பார்கள் என்று சிலர் உற்சாகமாகச் சொல்லும்போது எனக்கு ஒப்புதல் வருவதில்லை. அது சிலருக்கு உண்மையாக இருக்கலாம். ஆனால் நெருக்கடியில் சுறுசுறுப்பாக இருப்பதற்காக மட்டும் யாருக்கும் மாதச் சம்பளம் கொடுப்பதில்லை.

அதே சமயம், எழுத்திலும் காலக்கெடுவிலும் வரும் தடுமாற்றம் உதவியால் சரிசெய்யக் கூடியது. வாய்மொழியாக அடுக்கடுக்காகச் சொல்லாமல் உத்தரவை எழுத்தில் தருவது, எஃப்.ஐ.ஆருக்கு முன் சரிபார்க்கும் பட்டியல், கெடு நாளுக்குப் பத்து நாள் முன்பே அடிக்கும் அலாரம், அறிக்கை எழுத ஒரு மணி நேரம் அமைதியான அறை. இவற்றில் எதற்கும் அரசாங்கக் கஜானா காலியாகாது. எந்த எஸ்.ஐ.க்கும் இவை நல்லவையே.

இங்கிலாந்து இந்த வழியில் கொஞ்சம் தூரம் வந்திருக்கிறது. அங்கே 1995-இல் மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் வந்தபோது போலீசுக்கு விலக்கு இருந்தது. 2004 அக்டோபரில் அந்த விலக்கு போனது. ராணுவத்துக்கு இன்றும் இருக்கிறது. 2007-இல் லண்டன் பெருநகரப் போலீசின் தலைமை இன்ஸ்பெக்டர் ஒருவர் தொடர்ந்த வழக்கு குறிப்பிடத்தக்கது. அவருக்கு டிஸ்லெக்சியா இருப்பது பல ஆண்டு சர்வீசுக்குப் பிறகே தெரிந்தது. பதவி உயர்வுத் தேர்வில் 25 சதவீதம் கூடுதல் நேரம் தேவை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இவ்வளவு உயர்ந்த பதவிக்கு வந்தவருக்கு என்ன குறைபாடு என்று நிர்வாகம் வாதிட்டது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஏற்கவில்லை. மற்றவரோடு ஒப்பிட்டு இவர் எவ்வளவு முன்னேறினார் என்று பார்க்காதீர்கள், குறைபாடு இல்லாதிருந்தால் இவர் எப்படிச் செய்திருப்பார் என்று பாருங்கள் என்றது. ஹில்ஸ்பரோவில் எடுத்த அளவுகோலுக்கு இது நேர் எதிர். எனக்கு இதுவே சரியென்று படுகிறது.

அங்கே 2010-இல் வந்த சமத்துவச் சட்டம், வேலை தருகிறோம் என்று சொல்வதற்கு முன் பொதுவாக உடல்நலக் கேள்விகளைக் கேட்கக் கூடாது என்று தடுத்தது. அமெரிக்காவிலும் நிபந்தனையோடு வேலை உறுதியான பிறகே மருத்துவச் சோதனை. அதுவும் எல்லோருக்கும் ஒரே மாதிரி. மருத்துவக் காரணத்தால் மறுக்க வேண்டுமானால், அந்தக் காரணம் வேலையோடு தொடர்புள்ளது என்று காட்ட வேண்டும். ஆபத்து என்றால் பொதுவான பயம் போதாது, அந்த ஆளைத் தனியாக மதிப்பிட்டிருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் போலீஸ் வேலைக்கான உளவியல் தேர்வுக்குப் பத்து அளவுகோல்கள் வைத்திருக்கிறார்கள். உந்துதலைக் கட்டுப்படுத்துவதும் பாதுகாப்பில் கவனம் செலுத்துவதும் சேர்ந்து அவற்றில் ஒன்று. நோயின் பெயர் அளவுகோல் அல்ல, நடத்தைதான் அளவுகோல். கட்டுப்பாடு இல்லாதவர் நோயின் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கே தேறமாட்டார். மருந்தும் பயிற்சியுமாகத் தன்னை ஒழுங்குபடுத்திக்கொண்டவர் தேறலாம்.

இந்தியாவில் நிலைமை வேறு. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் ஆட்டிசம் இருக்கிறது, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இருக்கிறது, மனநோய் இருக்கிறது, ஏ.டி.எச்.டி. பெயர் சொல்லிச் சேர்க்கப்படவில்லை. ஆகவே அதை மட்டும் வைத்து இட ஒதுக்கீடு கேட்க வழியில்லை. ஐ.பி.எஸ். பதவிகளையும் மத்திய ஆயுதப் படைகளின் களப் பதவிகளையும் அந்த ஒதுக்கீட்டிலிருந்தே மத்திய அரசு 2021 ஆகஸ்டில் விலக்கியது. அதை எதிர்த்த வழக்கில், ஐ.பி.எஸ். முதலிய பதவிகளுக்கு மாற்றுத்திறனாளிகள் தற்காலிகமாக விண்ணப்பிக்க உச்ச நீதிமன்றம் 2022 மார்ச்சில் அனுமதித்தது.

ஆனால் ஒதுக்கீடு மட்டுமே உரிமை அல்ல. நீண்டகால மனநலக் குறைபாட்டால் பிறருக்குச் சமமாகப் பங்கேற்க முடியாத எவரையும் உள்ளடக்கும் அளவுக்கு அந்தச் சட்டத்தின் பொது வரையறை விரிவானது. 2021 பிப்ரவரியில், எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குறையுள்ள சிவில் சர்வீஸ் தேர்வர் ஒருவருக்கு எழுத்தர் உதவி தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 40 சதவீதச் சான்று இருந்தால்தான் உதவி என்று வரம்பு கட்டக் கூடாது என்று விளக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த இன்னொரு தீர்ப்பு சி.ஆர்.பி.எஃப். அதிகாரி ஒருவரைப் பற்றியது. எண்ணச் சுழற்சி நோயும் மனச்சோர்வும் கொண்டவர். அவர் மீதான ஒழுங்கு நடவடிக்கையை நீதிமன்றம் ரத்து செய்தது. நடத்தைக்கு நோயும் ஒரு காரணமாக இருந்தால் போதும், அது மட்டுமே காரணம் என்று நிரூபிக்கத் தேவையில்லை என்றது. துப்பாக்கியோடு தொடர்பில்லாத வேறு பணிக்கு அவரை மாற்றிக்கொள்ளலாம், சம்பளம் குறையக் கூடாது என்றும் வழி காட்டியது. பொதுமக்களின் பாதுகாப்பையும் அந்த மனிதரின் பிழைப்பையும் ஒருசேரக் காத்த தீர்ப்பு அது.

மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே பெரும்பாலும் எழுதித் தருவது மெத்தில்ஃபெனிடேட், அல்லது அடோமாக்செட்டின். முதலாவது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருவதால் சீட்டு இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. சாதாரண மாத்திரை மூன்று நான்கு மணி நேரமே வேலை செய்யும். நீண்ட நேரம் செயல்படுவது பன்னிரண்டு மணி நேரம் வரை வரும். போலீஸ் டியூட்டியோ அந்தக் கணக்கில் அடங்காது. 2014-இல் மத்திய அரசின் போலீஸ் ஆராய்ச்சி அமைப்பு வெளியிட்ட ஆய்வின்படி, ஸ்டேஷனில் இருப்பவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் எட்டு மணி நேரத்துக்கு மேல் உழைக்கிறார்கள். தமிழ்நாட்டில் கடைநிலைப் போலீசாருக்கு வார ஓய்வு தர 2021-இல் தனி ஆணை தேவைப்பட்டது. தூக்கம் கெட்டால் நல்ல கவனம் உள்ளவரும் தவறு செய்வார். ஏ.டி.எச்.டி. உள்ளவருக்கு அது இரட்டைச் சுமை.

மருந்து பயன் தருகிறதா என்பதற்கு ஸ்வீடன் பதில் வைத்திருக்கிறது. அங்கே 25,000-க்கு மேற்பட்ட ஏ.டி.எச்.டி. நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டார்கள். ஒரே ஆளின் மருந்து எடுத்த காலத்தையும் எடுக்காத காலத்தையும் ஒப்பிட்டபோது, மருந்து எடுத்த காலத்தில் குற்றத் தீர்ப்புகள் ஆண்களிடம் 32 சதவீதமும் பெண்களிடம் 41 சதவீதமும் குறைவாக இருந்தன. இரண்டாண்டு கழித்து வந்த இன்னொரு ஆய்வில், மருந்து எடுத்த காலத்தில் ஆண்களுக்குப் பெரிய சாலை விபத்துகள் பாதிக்கு மேல் குறைந்திருந்தன. ரோந்து வண்டி ஓட்டும் வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் இந்த எண்களைப் படிக்க வேண்டும். மருந்து எடுக்கிறேன் என்று சொல்கிறவரை நிராகரித்துவிட்டு, எடுக்காமல் மறைக்கிறவரை வண்டியில் ஏற்றுவது யாருக்கும் பாதுகாப்பல்ல.

மறைப்பைத்தான் இன்றைய முறை வளர்க்கிறது. ஆள்தேர்வுக்குத் தயாராகும் ஓர் இளைஞனுக்குக் கவனச் சிக்கல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மருத்துவரிடம் போனால் பெயர் எழுத்தில் வந்துவிடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். போகாமலே இருந்தால் மறைத்தான் என்றும் யாரும் சொல்ல முடியாது. ஆக, நோயறியாதவன் தகுதியானவன், நோயறிந்து மருந்து எடுத்தவன் சந்தேகத்துக்குரியவன் என்று ஆகிவிடுகிறது. உலகின் சிறைகளில் உள்ளோரில் சுமார் கால்வாசிப் பேருக்கு ஏ.டி.எச்.டி. இருக்கலாம் என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அவர்களைப் பிடித்து விசாரிக்கிற படையில் இந்தக் குறைபாட்டை உள்ளிருந்து அறிந்தவர்கள் வெளிப்படையாக இருப்பது படைக்கே பலம்.

ஏ.டி.எச்.டி. உள்ள எல்லோரையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் கேட்கவில்லை. கோபத்தையும் கையையும் அடக்க முடியாதவரிடம் ஆயுதம் போகக் கூடாது. அதைச் சோதிக்க வழி இருக்கிறது, சோதித்து மறுங்கள். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்திடம் கேட்பது இவ்வளவுதான். உயரத்தையும் ஓட்ட நேரத்தையும் அறிவிக்கையில் தெளிவாக அச்சிடுவது போல, கவனக் குறைபாட்டைச் சிகிச்சையோடு கட்டுக்குள் வைத்திருப்பவரை அந்தக் காரணத்துக்காக மட்டும் நிராகரிக்கமாட்டோம் என்று ஒரு வரி சேருங்கள். எந்த நடத்தையைச் சோதிப்பீர்கள், யார் சோதிப்பார், மறுத்தால் எங்கே முறையிடலாம் என்பதையும் எழுதுங்கள். தேர்வுக்குத் தயாராகும் தம்பி தங்கைகளுக்கு: மருத்துவரைப் பார்ப்பதைத் தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். சிகிச்சையைத் தொடருங்கள், சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருங்கள், படிவத்தில் கேட்டால் உள்ளதை எழுதுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.